நான் போட்டுக்கொண்ட ஊசி

2021 ஏப்ரல் கடைசியில் நான் கோவிட் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டேன். அதே வாரத்தில், “அவசரப்படாதீர்கள், பொறுத்திருந்து பாருங்கள்” என்று என் வாசகர்களுக்கு எழுதினேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் பணம் கொடுக்கவில்லை. என் உடம்பை ஊசியை நம்பி ஒப்படைத்துவிட்டு, அதை நம்பாதீர்கள் என்று அடுத்தவருக்குச் சொன்னேன். இத்தனை ஆண்டுகளாக இதை நான் எங்கும் சொல்லவில்லை. இப்போது முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் வார இதழுக்கு அரசியல் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் என்னை முகம் தெரிந்து நிறுத்திப் பேசுவார்கள். கிள்ளானில் எனக்கு நெடுங்கால வாசகர்கள் இருந்தார்கள். பலர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பவர்கள். நான் எழுதியதைச் சரிபார்க்க அவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை. ஆங்கிலம் படிக்கிறவர் ஒரு செய்தியைப் பல இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். என் வாசகர் என்னை மட்டும்தான் பார்த்தார். அது எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

என் கோபம் எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2018-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த அரசு 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது. மார்ச் 1-ஆம் தேதி முஹிடின் யாசின் பிரதமரானார். தேர்தல் நடக்கவில்லை. அதைப் பின்கதவு அரசு என்று எழுதினேன். 2021 ஜனவரி 12-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, நாடாளுமன்றம் கூடவில்லை. அதையும் கண்டித்தேன். அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கோபத்தைக் கொண்டே அளக்கத் தொடங்கினேன். பிப்ரவரி 24-ஆம் தேதி பிரதமர் முதல் ஆளாக ஊசி போட்டுக்கொண்டு தேசியத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். அந்தப் படத்தில் எனக்கு அரசியல்வாதி மட்டும்தான் தெரிந்தார். ஊசி தெரியவில்லை.

அன்றைய சுகாதார அமைச்சர் அடாம் பாபா, சூடான நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்கு இறங்கிச் செத்துவிடும் என்று 2020 மார்ச்சில் தொலைக்காட்சியில் சொன்னார். நான் விடவில்லை. அறிவியல் தெரியாதவர் கையில் நாட்டின் உயிரா என்று வாரக்கணக்கில் எழுதினேன். ஓராண்டு கழித்து நான் செய்தது அதைவிட மோசம். அவர் தெரியாமல் சொன்னார். நான் தெரிந்து மறைத்தேன்.

எதை மறைத்தேன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

2021 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐரோப்பிய மருந்து முகமையும் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அஸ்ட்ராசெனெகா தடுப்பூசி பற்றிப் பேசின. மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைகிறது, அதோடு இரத்தத் தட்டணுக்களும் குறைகின்றன, இதற்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றன. பிரிட்டனில் மார்ச் இறுதிவரை 2 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டிருந்தன. 79 பேருக்கு அந்தப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. 19 பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய நான்கு பேருக்குப் பாதிப்பு. வயது கூடக்கூட ஊசியால் கிடைக்கும் நன்மை ஆபத்தைவிடப் பல மடங்கு பெரியது என்றும், 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் வேறு ஊசி கிடைத்தால் அதைக் கொடுக்கலாம் என்றும் பிரிட்டனில் அறிவுரை வந்தது.

இவை அனைத்தும் என் மேசையில் இருந்தன. 19 என்ற எண்ணை எடுத்துக்கொண்டேன். 2 கோடியை விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே பத்தியில் இருந்தன. என் கண் இரண்டையும் படித்தது. கவனக்குறைவு என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. 2 கோடியைச் சேர்த்திருந்தால் கட்டுரையின் சூடு போயிருக்கும். அதனால்தான் விட்டேன். வயதைப் பற்றியும் எழுதவில்லை. என் வாசகரில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அந்த ஊசியால் அதிகம் நன்மை பெறக்கூடியவர்களைத்தான் நான் அதிகம் பயமுறுத்தினேன்.

எனக்கு நீரிழிவு இருக்கிறது. தடுப்பூசித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் முதியவர்களோடு என்னைப் போன்ற நோயாளிகளுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். மைசெஜாத்ரா செயலியில் எனக்குத் தேதி வந்தது. ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். ஃபைசர் என்றார்கள். மனம் நிம்மதி அடைந்தது. ஊசி போட்டபின் கண்காணிப்புக்காக உட்காரவைத்த நேரத்தில், இதைப் பத்தியில் எழுதலாமா என்று நினைத்தேன். எழுதினால் இதுவரை எழுதியது என்ன ஆவது? “அவரே போய் போட்டுக்கொண்டார்” என்பார்களே. வேண்டாம் என்று முடிவு செய்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது அரசாங்கத்துக்கு நான் பயப்படவில்லை, ஊசிக்கும் பயப்படவில்லை. கைதட்டல் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

ஏப்ரல் 28-ஆம் தேதி, தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் கைரி ஜமாலுடின், அஸ்ட்ராசெனெகாவைப் பொதுத் திட்டத்திலிருந்து பிரித்துவிடுவதாக அறிவித்தார். ஊசி பாதுகாப்பானது, ஆனால் மக்கள் பயப்படுகிறார்கள், விரும்புகிறவர்கள் தனி மையங்களில் போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினார். நான் எழுதியது வேறு. “அரசே ஒப்புக்கொண்டுவிட்டது” என்று எழுதினேன். மக்கள் ஏன் பயந்தார்கள் என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன். மே 2-ஆம் தேதி அந்தத் தனி மையங்களுக்கு முன்பதிவு திறந்தது. 2,68,800 இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அத்தனை பேர் அந்த ஊசியைத் தேடிப் போய்ப் பதிந்துகொண்டார்கள். அந்தச் செய்தியை நான் தொடவே இல்லை. அது என் கட்டுரைக்கு எதிராக இருந்தது.

மே முதல் வாரத்தில் கிள்ளான் தாமான் செந்தோசாவிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். என்னைவிட மூத்தவர். பத்தி வெளிவந்தால் அழைத்துப் பேசுவார். எழுத்துப் பிழை இருந்தால் சொல்வார். அவர் பெயரை எழுத மாட்டேன்.

“தம்பி, எனக்குத் தேதி வந்திருச்சி. மக போகச் சொல்றா. என்னா ஊசின்னு அங்க போனாத்தான் தெரியுமாம். நீங்க எழுதுனதப் படிச்சேன். போடலாமா?”

“கொஞ்சம் பொறுங்க ஐயா. இன்னும் நல்லாத் தெரியட்டும். அப்பறம் போட்டுக்கலாம்.”

“சரி தம்பி. நீங்க சொன்னா சரி.”

அதோடு பேச்சு வேறு பக்கம் போனது. நாடாளுமன்றம் எப்போது கூடும் என்று கேட்டார். எனக்குப் பிடித்த பொருள் என்பதால் விரிவாகச் சொன்னேன்.

அந்த உரையாடலை இன்று பிரித்துப் பார்க்கிறேன். அஸ்ட்ராசெனெகா அதற்குச் சில நாள் முன்புதான் தனி மையங்களுக்குப் போயிருந்தது. பெரியவர் போகவேண்டிய சாதாரண மையத்தில் அந்த வாரம் அவருக்கு ஃபைசரோ சினோவாக்கோதான் கிடைத்திருக்கும். எதைக் கண்டு அவர் பயந்தாரோ அது அங்கே இல்லை. அதை அறிவித்த செய்தியை வைத்துத்தான் நான் கட்டுரையே எழுதியிருந்தேன். வெற்றிக் களிப்பில் எழுதினேன். அதன் பொருள் என்ன, என் வாசகருக்கு அதனால் என்ன மாறுகிறது என்று யோசிக்கவில்லை. நான் போட்டுக்கொண்டது ஃபைசர் என்றாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும், அவர் போயிருப்பார். அது என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 1-ஆம் தேதி நாடு மீண்டும் முழுமையாக முடக்கப்பட்டது. ஜூலை தொடக்கத்தில் சிலாங்கூரின் பல பகுதிகளிலும் கோலாலம்பூரிலும் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். ஜூலை 13-ஆம் தேதி ஒரே நாளில் தொற்று 11,000-ஐத் தாண்டியது. கிள்ளான் பள்ளத்தாக்குதான் அதன் மையம். கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் இடம் போதவில்லை. வெளியே கூடாரம் போட்டு நோயாளிகளைப் படுக்கவைத்தார்கள். ஆக்சிஜன் உருளை பக்கத்தில் நிற்க மனிதர்கள் நாற்காலியில் காத்திருந்தார்கள். அந்த மாதமே அதை முழுக்க கோவிட் மருத்துவமனையாக மாற்றினார்கள். ஜூலை 26-ஆம் தேதி நாடு முழுதும் ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடத்திலிருந்து வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அந்த மருத்துவமனையின் படங்களைப் பார்த்துவிட்டு நான் எழுதிய கட்டுரைக்குத்தான் என் வாழ்நாளில் அதிகப் பாராட்டு வந்தது. அரசின் அலட்சியம் என்று எழுதினேன். ஏழைகளின் உயிர் மலிவா என்று கேட்டேன். கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தக் கூடாரங்களில் படுத்திருந்தவர்களில் என் வாசகர் எத்தனை பேர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தேதி வந்தும் போகாதவர்கள் எத்தனை பேர்? இரவெல்லாம் கண்விழித்த தாதியர் சுமையில் என் பங்கு எவ்வளவு? நான் அரசை நோக்கி நீட்டிய விரல் எதையும் மறைக்கவில்லை. நான்தான் பார்க்க மறுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. கோவிடைக் குணப்படுத்தும் என்று சிலர் சொன்ன ஐவர்மெக்டின் மாத்திரையைப் பற்றியும் எழுதினேன். மலிவான மருந்து என்பதால் மறைக்கிறார்கள் என்றேன். பெரிய கம்பெனிகளின் சதி என்றேன். சுகாதார அமைச்சு எச்சரித்ததை, வழக்கமான மிரட்டல் என்று ஒதுக்கினேன். நான் “மறைக்கிறார்கள்” என்று எழுதிய அதே மாதங்களில், இந்த நாட்டின் 20 அரசு மருத்துவமனைகளில் அதே மாத்திரையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ஈப்போ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர் தலைமையில் 2021 மே கடைசியிலிருந்து அந்த ஆய்வு நடந்தது. நான் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும்.

பெரியவர் ஆகஸ்ட்டில் இறந்தார். காய்ச்சல் வந்ததும் வீட்டிலேயே இருந்திருக்கிறார். மருத்துவமனையில் இடமில்லை, போனால் கூடாரத்தில் போட்டுவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அது நான் எழுதியது. யாரிடமோ சொல்லி அந்த மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறார். அதுவும் நான் எழுதியது. உடம்பில் ஆக்சிஜன் குறைந்தது அவருக்கே தெரியவில்லை. உதடு நீலமான பிறகுதான் மகள் கவனித்தாள். காரில் ஏற்றினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த மாதங்களில் அப்படி வழியிலும் வீட்டிலும் இறந்தவர்கள் பலர்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. போட்டவர்களும் சிலர் இறந்தார்கள். ஆனால் மே மாதத்தில் முதல் தவணையும் மூன்று வாரத்தில் இரண்டாவதும் போட்டிருந்தால், ஜூலை அலை வரும்போது அவர் உடம்பு தயாராக இருந்திருக்கும். என் உடம்பு தயாராக இருந்தது. “உறுதியாகச் சொல்ல முடியாது” என்ற அந்த வாக்கியத்துக்குள் நான் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்தேன்.

இறுதிச் சடங்கில் கூட்டம் கூட அனுமதியில்லை. மகளை அழைத்துத் துக்கம் கேட்டேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அப்பா உங்களை ரொம்ப மதிச்சாரு என்றார். பிறகு கேட்டார்: “அங்கிள், நீங்க ஊசி போட்டுட்டீங்களா?”

“இப்பத்தான்மா போட்டேன்” என்றேன்.

பொய். இரண்டு தவணையும் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அப்பாவை இழந்த பெண்ணிடம், அந்தத் துக்கத்தின் நடுவில், என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னேன். என் குற்றங்களில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால், எண்ணை மறைத்ததை அல்ல, இதைத்தான் வைப்பேன்.

2022 பிப்ரவரியில் அந்த ஐவர்மெக்டின் ஆய்வு வெளிவந்தது. 50 வயதைக் கடந்த, வேறு நோய்களும் உள்ள 490 பேர். மாத்திரை சாப்பிட்டவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கு நோய் கடுமையானது. சாப்பிடாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கு. மாத்திரை நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. இறந்தவர்கள் முதல் குழுவில் மூவர், இரண்டாவதில் பத்துப் பேர். இந்தக் கடைசி எண்களைப் பிடித்துக்கொண்டு இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் அதையும் இங்கே எழுதுகிறேன். மறுபடியும் ஓர் எண்ணை மறைக்க எனக்கு மனமில்லை. நம் ஊர் மருத்துவர்கள், நம் ஊர் நோயாளிகளை வைத்து, உலகமே படித்த ஆய்வைச் செய்திருந்தார்கள். அதைப் பற்றித் தமிழில் எழுதவேண்டிய முதல் ஆள் நான்தான். ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வாரம் தேர்தல் கூட்டணிகளைப் பற்றி எழுதினேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். 2024-இல் ஒரு செய்தி வந்தது. அஸ்ட்ராசெனெகா நிறுவனம், மிக அரிதாக அந்த இரத்த உறைவு ஏற்படலாம் என்று பிரிட்டன் நீதிமன்ற ஆவணம் ஒன்றில் ஒப்புக்கொண்டிருந்தது. மே மாதம் ஐரோப்பாவில் அந்த ஊசியின் அனுமதி, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, திரும்பப் பெறப்பட்டது. புதிய ஊசிகள் நிறைய வந்துவிட்டன, தேவை குறைந்துவிட்டது என்பது நிறுவனம் சொன்ன காரணம். உடனே என் வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிந்தன. “அன்றே சொன்னீர்கள் ஐயா.” “தீர்க்கதரிசி.” என் பழைய கட்டுரையின் படத்தை யாரோ பகிர்ந்திருந்தார்கள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். சில நிமிடங்கள் உண்மையிலேயே மகிழ்ந்தேன். பிறகு அந்தக் கட்டுரையை மறுபடி படித்தேன். 19 இருந்தது. 2 கோடி இல்லை. அந்தக் கணக்கு 2024-இல் மாறவில்லை. 2021 ஏப்ரலிலேயே எல்லோருக்கும் சொல்லப்பட்ட அரிய ஆபத்தைத்தான் நீதிமன்றத்தில் மறுபடி சொன்னார்கள். அந்த ஆபத்தில் சிக்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அவர்கள் குடும்பத்தின் வழக்கு நியாயமானது. ஆனால் அவர்களுடைய துக்கம் என் பொய்க்குச் சாட்சி ஆகாது. மலேசியாவில் 2021 ஜூன் கடைசியில் கோவிட் மரணங்கள் 5,000-ஐச் சற்றே தாண்டியிருந்தன. ஆண்டு முடிவில் 31,000-ஐக் கடந்துவிட்டன. அந்த ஆறு மாதத்துக்குத்தான் என் வாசகர்களை நான் தயார் செய்திருக்க வேண்டும்.

அரசைக் கேள்வி கேட்பதை நான் நிறுத்தப் போவதில்லை. கேட்கத்தான் வேண்டும். மருத்துவமனைக்குப் போதிய படுக்கை ஏன் இல்லை, ஒப்பந்த மருத்துவருக்கு நிரந்தர வேலை ஏன் இல்லை, ஊசி பற்றிய தகவல் தமிழில் ஏன் தாமதமாக வருகிறது என்று கேட்கவேண்டும். ஆனால் ஓர் அரசை எனக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு மருந்தைப் பற்றி எனக்கு எதையும் சொல்லித்தராது. நான் அந்த இரண்டையும் ஒன்றாக்கினேன். என் அரசியல் சரியாக இருந்ததால் என் மருத்துவமும் சரியாக இருக்கும் என்று நம்பினேன். நம்பினேன் என்பதுகூட முழு உண்மை அல்ல. எனக்கு என்று வந்தபோது நான் மருத்துவர் சொன்னதைத்தான் கேட்டேன். வாசகருக்குத்தான் என் அரசியலைக் கொடுத்தேன்.

இதை எழுதத் தொடங்குமுன் பெரியவரின் மகளைப் பார்க்க கிள்ளானுக்குப் போனேன். எப்போது ஊசி போட்டேன் என்ற உண்மையைச் சொன்னேன். அப்பாவிடம் தொலைபேசியில் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எழுதுங்க. அப்பா பேரப் போட்டுடாதீங்க” என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அவர் தலையில் ஏற்றியதாக ஆகும்.

2021 மே மாதம் வந்திருக்கவேண்டிய திருத்தத்தை இங்கே தருகிறேன்.

அஸ்ட்ராசெனெகா பற்றி நான் எழுதிய கட்டுரையில், பிரிட்டனில் 19 பேர் இறந்ததைச் சொன்னேன். அது 2 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகளுக்குப் பிறகு என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சாதாரண மையங்களில் இப்போது வேறு ஊசிகள் போடப்படுகின்றன. அறுபதைக் கடந்தவர்களும் நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களும் தேதி வந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு உடனே போங்கள். நான் போட்டுக்கொண்டேன்.

இதற்கு அந்தப் பத்தியில் இடம் இருந்தது. இதழாசிரியர் தடுத்திருக்க மாட்டார். நான் எழுதிக் கொடுக்கவில்லை.